யாரும் கேட்காமல் விட்ட செல்லோ கான்செர்டோக்கள்: ஓர் எளிய அறிமுகம்

செல்லோ கான்செர்டோ என்றதும் மேற்கத்திய இசை ரசிகர்கள் சொல்லும் பெயர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். டுவோர்ஷாக், எல்கார், ஷூமன், சேன்-சான்ஸ், அப்புறம் கொஞ்சம் யோசித்து லாலோ. கச்சேரி அரங்குகளிலும் பெரும்பாலும் இவையேதான் சுற்றி வருகின்றன. இதைப் பார்த்துவிட்டு, 19-ஆம் நூற்றாண்டில் செல்லோவுக்கு யாரும் அதிகம் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பெர்ன்ஹார்ட் ரோம்பெர்க் பத்து எழுதினார். கேயார்க் கோல்டர்மன் எட்டு. கார்ல் டவீடவ் நான்கு, டேவிட் போப்பர் நான்கு, யூலியஸ் கிளெங்கல் நான்கு. இந்த ஐந்து பேர் கணக்கே முப்பதைத் தொட்டுவிட்டது. இவர்களைத் தவிர ராஃப், ஃபோல்க்மன், ரூபின்ஸ்டைன், கெர்ன்ஸ்ஹைம், தல்பேர், மரி ஜாயேல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

கடந்த சில பத்தாண்டுகளாக இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பதிவு செய்துவருகிறார்கள். இன்றைக்குச் செவ்வியல் இசையில் நடக்கும் நல்ல வேலைகளில் இது ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். இவை ஏன் மறைந்தன, எப்படித் திரும்பி வருகின்றன, புதிதாகக் கேட்க வருபவர் எங்கே தொடங்கலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. செல்லோ, வயலின் குடும்பத்து வாத்தியம். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையில் வைத்து வில்லால் வாசிப்பார்கள். நான்கு தந்திகள். அடித்தந்தியின் சத்தம் ஆழமான ஆண் குரலுக்கும் கீழே இறங்கும். மேல் தந்தியில் விரல்கள் மேலே ஏறினால் பெண் குரலின் உயரத்தைத் தாண்டிவிடும். தமிழ்ப் படங்களின் பின்னணி இசையில் சோகக் காட்சிகளில் அடிக்கடி வரும் அந்தக் கனத்த தந்தி ஒலி பல சமயம் இதுதான்.

கான்செர்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு. வழக்கமாக மூன்று பகுதிகள்: வேகம், நிதானம், மறுபடி வேகம். இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம்வரை போகும். நடுவில் ஒரு கட்டத்தில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் நின்றுவிடும்; தனி வாத்தியக்காரர் மட்டும் தன் திறமையெல்லாம் காட்டி வாசிப்பார். அதற்குக் கடென்சா என்று பெயர். நம் கச்சேரியில் பாடகர் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விடும் இடத்தை நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கான்செர்டோக்களை ரொமான்டிக் இசை என்பார்கள். ரொமான்டிக் என்பது இங்கே ஒரு காலகட்டத்தின் பெயர். ஏறக்குறைய 1820-களிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுவரை. அந்தப் பாணியில் அதற்குப் பிறகும் எழுதினார்கள். எல்காரின் 1919 கான்செர்டோ அப்படி வந்ததுதான்.

சரி, பியானோவுக்கும் வயலினுக்கும் பெரிய இசையமைப்பாளர்கள் போட்டி போட்டு எழுதியபோது, செல்லோவிடம் ஏன் தயங்கினார்கள்? காரணம் ஒலியிலேயே இருக்கிறது. வயலின் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேலே மிதக்கும். பியானோவுக்கு உரத்த குரல் உண்டு, எதிர்த்து நிற்கும். செல்லோவின் குரலோ ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவயிற்றில் இருக்கிறது. கொம்பு வாத்தியங்கள், பசூன், வயோலா, ஆர்க்கெஸ்ட்ராவில் ஏற்கெனவே இருக்கும் செல்லோக்கள் எல்லாம் வாசிப்பது அதே உயரத்தில்தான். கொஞ்சம் அசந்தால் தனி செல்லோ காணாமல் போய்விடும். மேலே போனால் மூக்கால் பாடுகிறது, கீழே வந்தால் முணுமுணுக்கிறது என்று டுவோர்ஷாக்கே குறைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அந்த டுவோர்ஷாக்தான் பிறகு எல்லாவற்றிலும் புகழ்பெற்ற செல்லோ கான்செர்டோவை எழுதினார். அவர் மனம் மாறிய கதையில் ஒரு மறக்கப்பட்ட கான்செர்டோ இருக்கிறது.

1892 முதல் 1895 வரை டுவோர்ஷாக் நியூயார்க்கின் தேசிய இசைக் கல்லூரிக்கு இயக்குநராக இருந்தார். அங்கே செல்லோ சொல்லிக்கொடுத்தவர் விக்டர் ஹெர்பெர்ட். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் வளர்ந்து, அமெரிக்காவுக்கு வந்து, மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் முதன்மை செல்லோ வாசித்தவர். பிற்காலத்தில் பிராட்வே மேடையின் இசை நாடகங்களால் பெரும் பணமும் பெயரும் சேர்த்தார். 1894 மார்ச் 9 அன்று ஹெர்பெர்ட் தன் இரண்டாவது செல்லோ கான்செர்டோவைத் தானே வாசித்து நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் அரங்கேற்றினார். கண்டக்டர், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர், ஆன்டன் சைடல். கூட்டத்தில் டுவோர்ஷாக் இருந்தார். ஆர்க்கெஸ்ட்ராவில் டிராம்போன் என்ற உரத்த பித்தளை ஊது வாத்தியங்கள் மூன்று இருந்தும் செல்லோ எங்கேயும் மூழ்கவில்லை என்பதைக் காதாலேயே கேட்டார். அந்த ஆண்டே தன் கான்செர்டோவைத் தொடங்கி, மூன்று டிராம்போன்களையும், அவற்றைவிடக் கனத்த டியூபா ஒன்றையும் அதில் தைரியமாக வைத்தார். 1896 மார்ச்சில் லண்டனில் அரங்கேறியது. இப்படி ஒரு செல்லோ கான்செர்டோ எழுத முடியும் என்று தெரிந்திருந்தால் நானே எப்போதோ எழுதியிருப்பேனே என்று ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

டுவோர்ஷாக்கின் படைப்பு உலகம் முழுக்கப் போனது. வழிகாட்டிய ஹெர்பெர்ட்டின் படைப்பு பின்னுக்குப் போய்விட்டது. லின் ஹேரல், யோ-யோ மா, கொத்தியே காப்யுசோன் போன்றவர்கள் பதிவு செய்த பிறகுதான் புதிய தலைமுறை அதைக் கேட்டது. யோ-யோ மா 1990-களில் அதே நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன், குர்ட் மசூர் நடத்த, டுவோர்ஷாக்கையும் ஹெர்பெர்ட்டையும் ஒரே சிடியில் வாசித்தார். அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்று முளைத்திருப்பது தெரிகிறது. ஹெர்பெர்ட்டின் நடுப்பகுதியைக் கேளுங்கள். செல்லோ நீளமாகப் பாட, ஆர்க்கெஸ்ட்ரா குரலைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும். டுவோர்ஷாக் கற்றுக்கொண்ட பாடம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஒரு படைப்பு மறக்கப்பட்டதென்றால் அது தரமில்லாதது என்று உடனே முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காலம் சலித்துவிட்டது, நல்லது நின்றது, மற்றது போனது என்பார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று எல்லோரும் கொண்டாடும் ஷூமனின் கான்செர்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850 அக்டோபரில் இரண்டே வாரத்தில் எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது மேடையேறவில்லை. 1856-இல் அவர் இறந்து, 1860-இல்தான் முதன்முதலாக வாசித்தார்கள். எல்காரின் கான்செர்டோ 1919-இல் லண்டனில் அரங்கேறியபோது, கண்டக்டர் தன் மற்ற உருப்படிகளுக்கே ஒத்திகை நேரத்தை எடுத்துக்கொண்டதால் ஆர்க்கெஸ்ட்ரா தடுமாறியது. பீட்ரிஸ் ஹாரிசன் போன்றவர்கள் அதை விடாமல் வாசித்து வந்தாலும், உலகம் முழுக்க அது வீடுகளுக்குள் போனது 1965-இல். இருபது வயது ஜாக்குலின் டு ப்ரே, பார்பிரோலி நடத்திய லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் செய்த ஒரே ஒரு பதிவு அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. நல்ல பதிவு ஒரு படைப்புக்கு இரண்டாவது அரங்கேற்றம். அது கிடைக்காத படைப்பைக் காலம் எங்கே சலித்தது? யாரும் சல்லடையிலேயே போடவில்லை.

மறதிக்கு வேறு காரணங்கள் நிறைய. முதலில் சொன்ன ரோம்பெர்க், டவீடவ், போப்பர், கிளெங்கல் எல்லோரும் செல்லோ வித்வான்கள். தாங்கள் மேடையில் வாசிப்பதற்காகத் தங்கள் கைக்கு எழுதிக்கொண்டார்கள். வித்வான் போனதும் படைப்பும் மேடையை விட்டுப் போய், வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது. கோல்டர்மனின் நான்காவது கான்செர்டோவை இன்றைக்கும் செல்லோ மாணவர்கள் வாசிக்கிறார்கள், பியானோ துணையோடு, பரீட்சைக்கு. மாணவர் பாடம் என்று முத்திரை விழுந்தபின் பெரிய கலைஞர்கள் தொடத் தயங்குவார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. மாணவர்கள் வாங்குவது தனி செல்லோவுக்கான தாளும் பியானோ தாளும் மட்டும். ஆகவே பதிப்பாளர்கள் அவற்றையே திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் முழு இசைக்குறிப்பும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக இருக்கவேண்டிய தாள்களும் கிடங்குகளில் தேங்கின. சில தொலைந்தன, சில போரில் எரிந்தன. கான்செர்டோ இருக்கிறது, ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை என்ற நிலை.

பதிவுத் தொழில்நுட்பமும் ஒரு கதவை மூடியது. பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம்தான் பிடிக்கும். ஒரு முழு கான்செர்டோவுக்குப் பல தட்டுகள் வேண்டும், விலையும் அதிகம். நிச்சயம் விற்கும் என்று தெரிந்ததையே பதிவு செய்வார்கள். காசால்ஸ் 1937-இல் பிராகில் டுவோர்ஷாக்கைப் பதிவு செய்தார், அது விற்றது, அடுத்தவரும் டுவோர்ஷாக்கையே எடுத்தார். சுற்று இறுகிவிட்டது.

சிலருக்கு நேர்ந்தது இதையெல்லாம்விடக் கொடியது. ஃப்ரீட்ரிஷ் கெர்ன்ஸ்ஹைம் ஜெர்மானிய யூதர். பிராம்ஸ் வட்டத்தில் மதிக்கப்பட்டவர். 1916-இல் இறந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் இசை ஜெர்மன் மேடைகளிலிருந்து துடைக்கப்பட்டது. அந்த இடைவெளிக்குப் பிறகு அவரை நினைவில் வைத்திருந்தவர்களே குறைவு. கேட்டுப் பிடிக்காமல் ஒதுக்கப்பட்ட இசையல்ல இது.

மரி ஜாயேலின் கதை இன்னொரு வகை. அல்சாஸில் 1846-இல் பிறந்த பியானோ மேதை. சேன்-சான்ஸிடமும் செசார் ஃபிராங்கிடமும் படித்தவர், லிஸ்ட்டோடு நெருங்கிப் பழகியவர். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பாரிஸில் முதன்முதலில் முழுமையாக வாசித்தவர் இவர்தான் என்கிறார்கள். 1882-இல் ஒரு செல்லோ கான்செர்டோ எழுதினார். கல்வியாளராக, கை அசைவுகளை ஆராய்ந்தவராக அவர் பெயர் நின்றது, இசையமைப்பாளராக நிற்கவில்லை. வெனிஸில் பிரெஞ்சு ரொமான்டிக் இசைக்காகவே இயங்கும் பலாஸெட்டோ புரூ ஸானே என்ற மையம் அவருக்காக ஒரு முழுத் தொகுப்பே வெளியிட்டது. அதில் சேவியே ஃபிலிப்ஸ் பிரஸல்ஸ் பில்ஹார்மோனிக்குடன் இந்தக் கான்செர்டோவை வாசிக்கிறார். குறுகிய, சுறுசுறுப்பான படைப்பு. வீண் ஆர்ப்பாட்டமே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் பெண்கள் எழுதிய செல்லோ கான்செர்டோவே இல்லை என்று நினைப்பவருக்கு முதலில் இதைத்தான் போட்டுக் காட்டவேண்டும்.

இப்படிப்பட்ட மீட்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஆர்தர் சல்லிவன், கில்பர்ட்டோடு சேர்ந்து எழுதிய நகைச்சுவை ஆபெராக்களுக்காக இங்கிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். அந்தப் புகழுக்கெல்லாம் முன்பு, 24 வயதில், ஒரு செல்லோ கான்செர்டோ எழுதினார். இத்தாலிய வித்வான் அல்ஃப்ரெடோ பியாட்டி 1866 நவம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அதை வாசித்தார். அதன் பிறகு ஏறக்குறைய மௌனம். 1953-இல் இளம் கண்டக்டர் சார்லஸ் மக்கெராஸ் அதை வானொலிக்காக நடத்தினார். செல்லோ வாசித்தவர் வில்லியம் பிளீத். 1964-இல் சேப்பல் என்ற பதிப்பகத்தில் தீ விபத்து. முழு இசைக்குறிப்பும் ஆர்க்கெஸ்ட்ராத் தாள்களும் சாம்பலாகிவிட்டன.

இருந்தது இரண்டு. நியூயார்க்கின் பியர்பாண்ட் மார்கன் நூலகத்தில் தனி செல்லோவுக்கான தாள் ஒன்று. அப்புறம் மக்கெராஸின் நினைவு. பல வருடங்களுக்கு முன் நடத்திய அந்தப் படைப்பில் எந்த வாத்தியம் எங்கே வந்தது, எந்த மெட்டை யார் வாசித்தார்கள் என்று அவர் நினைவிலிருந்து மீட்க, சல்லிவன் இசையில் தோய்ந்த டேவிட் மக்கீ உடன் இருந்து ஆர்க்கெஸ்ட்ராவைத் திரும்பக் கட்டினார். 1986-இல் லண்டன் பார்பிகனில் ஜூலியன் லாயிட் வெபர் வாசிக்க, மக்கெராஸ் நடத்த, கான்செர்டோ மறுபடி ஒலித்தது. பதிவும் வந்தது. பெரிய காவியமெல்லாம் இல்லை. முதல் பகுதி தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும். ஆனால் அதன் நடுப்பகுதி மெட்டைக் கேட்கும்போது, இதன் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு மனிதரின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லா மீட்பும் இப்படி நாடகமாக நடப்பதில்லை. பெரும்பாலும் அது பொறுமையான வேலை. பழைய அச்சுத் தாள்களில் பிழைகள் மலிந்திருக்கும். தனி செல்லோவின் தாளில் ஒரு சுரம், ஆர்க்கெஸ்ட்ராத் தாளில் வேறு சுரம். எது சரி என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். பதிவுக்கூடத்தில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் அனேகமாக அந்த இசையை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். சில நாட்களுக்குள் கற்று, வாசித்து, பதிந்து முடிக்கவேண்டும். தனி செல்லோ கலைஞருக்கு மாதக்கணக்கில் உழைப்பு. அதற்குப் பிறகு மேடையில் வாசிக்க அவரை யாரும் அழைக்காமலே போகலாம். அதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். அதனாலேயே இவர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஐரோப்பாவின் வானொலி ஆர்க்கெஸ்ட்ராக்கள் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. டிக்கெட் விற்பனையை மட்டும் நம்பி இருக்கவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. லண்டனின் ஹைபீரியன் நிறுவனம் 1991-இல் ரொமான்டிக் பியானோ கான்செர்டோ வரிசையைத் தொடங்கி, பிறகு செல்லோவுக்கும் ஒரு வரிசை வெளியிட்டது. அதன் முதுகெலும்பு அல்பன் கேர்ஹார்ட் என்ற பெர்லின் கலைஞர். பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பொனியுடன் தல்பேர், எனெஸ்கு, டோநான்யி. பெர்லின் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவுடன் ஃபோல்க்மன், டீட்ரிஷ், கெர்ன்ஸ்ஹைம், கூடவே ஷூமன் என்று வாசித்திருக்கிறார். ஜெர்மனியின் சிபிஓ நிறுவனத்துக்காக வென்-சின் யாங் டவீடவின் கான்செர்டோக்களைப் பதிவு செய்தார். ராஃபின் இரண்டு கான்செர்டோக்களை டேனியல் மியூலர்-ஷொட் வாசித்தார். கிளெங்கலின் மூன்றாவது கான்செர்டோவை ரஃபேலா க்ரோமெஸ் ஷூமனோடு சேர்த்து 2020-இல் வெளியிட்டார்.

கிளெங்கல் யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். லைப்ஸிக்கில் அவரிடம் செல்லோ படித்த மாணவர்களில் ஒருவர், மேலே சல்லிவன் கதையில் வந்த வில்லியம் பிளீத். பிளீத்தின் மாணவி ஜாக்குலின் டு ப்ரே. அவர் கையில் பின்னாளில் வந்து சேர்ந்த 1712 ஸ்ட்ராடிவேரியஸ் செல்லோவுக்கு டவீடவ் என்றே பெயர். அது ஒரு காலத்தில் கார்ல் டவீடவ் வாசித்த வாத்தியம். இப்போது யோ-யோ மாவிடம் இருக்கிறது. மறக்கப்பட்டவர்களும் புகழ்பெற்றவர்களும் இரண்டு தனி உலகங்களில் இல்லை. ஒரே வகுப்பறை, ஒரே வாத்தியம்.

எல்லாமே தலைசிறந்த படைப்புகளா? இல்லை. வித்வான்கள் எழுதியவற்றில் சில இடங்களில் விரல் வேகம் மட்டும் மிஞ்சும், மெட்டு தேய்ந்திருக்கும். ஆர்க்கெஸ்ட்ரா வெறுமனே தாளம் தட்டிக்கொண்டு நிற்கும். டீட்ரிஷின் கான்செர்டோ அழகாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஷூமன் இருக்கும்போது நிழலாகிவிடுகிறது. ஃபோல்க்மன் வேறு மாதிரி. 1850-களில் எழுதிய அவருடைய கான்செர்டோ பகுதிகளாகப் பிரியாமல் ஒரே ஓட்டமாகப் போகும், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒரு நிமிடம்கூட வீணாகாது. 19-ஆம் நூற்றாண்டில் இது பரவலாக வாசிக்கப்பட்டது. இன்றைக்கு மேடைக்கு வரவேண்டியவற்றில் முதல் இடம் இதற்குத் தருவேன். தல்பேர் 1899-இல் எழுதியது இன்னும் மென்மையானது. தொடக்கத்தில் செல்லோ தந்திகளில் ஏறி இறங்கிக்கொண்டு துணை வாசிக்கும். மெட்டைப் பாடுவது ஊது வாத்தியம். நாயகனே ஒதுங்கி நின்று தொடங்கும் கான்செர்டோ எத்தனை இருக்கிறது?

டவீடவைக் கேட்கும்போது வித்வானின் கையைக் கவனியுங்கள். செல்லோவின் கழுத்தைத் தாண்டி உயரமான சுரங்களுக்குப் போகும்போது, கலைஞர் இடது கைக் கட்டைவிரலைத் தந்தியின் மேல் குறுக்காக வைத்து அழுத்துவார். அந்த விரல் அங்கே ஒரு நகரும் அடித்தளமாகிவிடும்; மற்ற விரல்கள் அதிலிருந்து தாவும். வீடியோவில் பார்த்தால் சட்டென்று புரியும். டவீடவின் இசை இந்த நிலையிலேயே பாடுகிறது, ஓடுகிறது, இரண்டு தந்திகளை ஒரே சமயம் இழுக்கிறது. செல்லோ வித்வான்களின் ஜார் (பேரரசர்) என்று சைக்கோவ்ஸ்கி அவரை அழைத்தது சும்மா இல்லை. முதல் கான்செர்டோவை எழுதியபோது அவருக்கு வயது இருபதைத்தான் தாண்டியிருந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை இதுதான். டுவோர்ஷாக்கை முன்பே கேட்டிருந்தால் ஹெர்பெர்ட்டின் இரண்டாவது கான்செர்டோவிலிருந்து தொடங்குங்கள். செல்லோவே புதிது என்றால் ஃபோல்க்மன் நல்ல வாசல். முதல் தடவை எதையும் ஆராயாமல், தனி செல்லோ எங்கே நுழைகிறது, எங்கே ஆர்க்கெஸ்ட்ரா அடங்கி வழிவிடுகிறது என்பதை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை மெட்டுகள் தானாக அடையாளம் தெரியும். மொபைலின் சின்ன ஸ்பீக்கரில் செல்லோவின் கீழ்த்தந்தி பாதி காணாமல் போய்விடும் என்பதால் ஹெட்போன் அவசியம்.

முன்பெல்லாம் ஹைபீரியன் பதிவுகளைக் கேட்க சிடி வாங்கவேண்டும், அல்லது அவர்கள் தளத்தில் காசு கொடுத்து இறக்கவேண்டும். 2023-இல் யூனிவர்சல் நிறுவனம் ஹைபீரியனை வாங்கியபின் அவை ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு வந்துவிட்டன. தேடும்போது இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் போட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். டவீடவ் பெயரை இங்கிலீஷில் நடுவில் 'ஐ' போட்டும் எழுதுகிறார்கள், 'ஒய்' போட்டும் எழுதுகிறார்கள். முன்பெயர் 'சி' என்றும் வரும், 'கே' என்றும் வரும். அதைவிட எளிய வழி, வாசித்தவரின் பெயரைப் போட்டுத் தேடுவது. கேர்ஹார்ட், வென்-சின் யாங், க்ரோமெஸ் என்று தேடினால் இங்கே சொல்லாத நாலைந்து கான்செர்டோக்களும் பக்கத்திலேயே வந்து நிற்கும்.